பல்கலைக்கழக ஆண் ஆசிரியர்கள்: இரண்டு நாடுகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

"எந்த நாட்டில் ஆண் பேராசிரியர்கள் அதிகம்?" என்று கேட்பது எளிது. விடையும் ஒரு நொடியில் கிடைத்துவிடும். அந்த விடை எதைச் சொல்கிறது என்பதில்தான் தகராறு. இங்கே இந்தியாவையும் ஜப்பானையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் உயர்கல்வி ஆசிரியர்களை அரசே எண்ணி அறிக்கை வெளியிடுகிறது. அளவிலும் ஆண்-பெண் விகிதத்திலும் இரண்டும் இரண்டு துருவங்கள். வேறு எந்த இரு நாடுகளை எடுத்தாலும் சிக்கல்கள் பெரும்பாலும் இவைதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், இரண்டு நாடுகளிலும் எத்தனை ஆண் ஆசிரியர்கள்?

இந்தியாவில் ஏறத்தாழ 9 லட்சம். ஜப்பானில் ஏறத்தாழ 1.4 லட்சம்.

இந்திய எண் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22 அறிக்கையிலிருந்து வருகிறது. மொத்த ஆசிரியர்கள் 15.98 லட்சம், அதில் பெண்கள் 6.94 லட்சம். கழித்தால் ஆண்கள் 9.04 லட்சம், அதாவது 56.6 சதவீதம். ஜப்பானிய எண் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் 1948 முதல் நடத்திவரும் பள்ளி அடிப்படைக் கணக்கெடுப்பிலிருந்து. 2021-இல் பல்கலைக்கழகங்களின் முழுநேர ஆசிரியர்கள் சுமார் 1.9 லட்சம், அதில் பெண்கள் கால் பங்கைச் சற்றே தாண்டுவார்கள். மீதி ஆண்கள்.

அப்படியானால் இந்தியாவில்தான் ஆண்கள் அதிகம். சரிதானே?

தலைகளை எண்ணினால் சரி. ஆறரை மடங்கு அதிகம். ஆனால் ஒரு துறைக் கூட்டத்துக்குள் நுழைந்தால் எங்கே ஆண்கள் அதிகம் கண்ணில் படுவார்கள் என்று கேட்டால், ஜப்பானில்தான். அங்கே நான்கு ஆசிரியர்களில் மூன்று பேர் ஆண்கள். இந்தியாவில் ஏழு பேரில் நான்கு பேர்.

எண்ணிக்கை நாட்டின் அளவைக் காட்டும். சதவீதம் அந்தத் தொழிலுக்குள் இருக்கும் கலவையைக் காட்டும். பெரிய நாட்டில் எல்லாமே பெரிய எண்ணாகத்தான் இருக்கும். "இந்தியாவில் ஜப்பானைவிட ஆண் பேராசிரியர்கள் அதிகம்" என்று தலைப்புப் போட்டால் தவறு என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் படித்தவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

மக்கள்தொகையால் வகுத்துவிட்டால் போதாதா?

வகுத்துப் பார்ப்போம். இந்தியாவை 140 கோடி, ஜப்பானை 12.5 கோடி என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் பேருக்கு இந்தியாவில் சுமார் 65 ஆண் ஆசிரியர்கள், ஜப்பானில் சுமார் 112. வரிசை தலைகீழாகிவிட்டது.

ஆனால் இந்த எண்ணில் ஆண்-பெண் விஷயத்தைவிட வேறொன்றுதான் அதிகம் ஒளிந்திருக்கிறது: எத்தனை பேர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பது. 2021-22-இல் இந்தியாவின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, அதாவது 18-23 வயதினர் 100 பேருக்கு 28.4 மாணவர்கள். ஜப்பானில் இளைஞர்களில் பாதிக்கு மேல் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள், குறுகியகாலக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சிப் பள்ளிகளும் தனி. மாணவர்கள் அதிகம் என்றால் ஆசிரியர்களும் அதிகம். அவர்களில் ஆண்களும் அதிகம்.

அதனால் மாணவர் எண்ணிக்கையால் வகுப்பது மேல். இந்தியாவில் 4.33 கோடி மாணவர்கள், ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் சுமார் 29 லட்சம். ஆயிரம் மாணவர்களுக்கு இந்தியாவில் 21 ஆண் ஆசிரியர்கள், ஜப்பானில் 48. இதிலும் ஒரு ஓட்டை உண்டு. இந்தியக் கணக்கில் தொலைநிலைக் கல்வி மாணவர்கள் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரடி வகுப்பு மாணவர்களுக்கு வேண்டிய அளவு ஆசிரியர்கள் தேவையில்லை. ஜப்பான் பக்கம் மருத்துவப் பல்கலைக்கழகங்கள். அவற்றின் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் மருத்துவ ஆசிரியர்கள் மாணவர் எண்ணிக்கைக்கு ஒத்துவராத அளவில் அதிகம்.

ஆக, எதால் வகுத்தாலும் ஏதோ ஒன்று பிதுங்கும். ஆண்-பெண் சமநிலைதான் உங்கள் கேள்வி என்றால் சதவீதத்தோடு நின்றுகொள்ளுங்கள். கல்வி அமைப்பின் ஆள்பலம்தான் கேள்வி என்றால் மாணவர் எண்ணிக்கையால் வகுங்கள். அந்தக் கேள்விக்கு ஆண்களை மட்டும் பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை.

இரண்டு அறிக்கைகளும் ஒரே வகை ஆட்களைத்தான் எண்ணுகின்றனவா?

இல்லை. பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

இந்தியாவின் 15.98 லட்சம் என்பது பல்கலைக்கழகம் மட்டுமல்ல. இணைப்புக் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், செவிலியர் பட்டயப் பள்ளிகள், ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் எல்லாம் அதில் அடக்கம். அந்த அறிக்கையின் கணக்கில் 1,168 பல்கலைக்கழகங்கள், 45,473 கல்லூரிகள், 12,002 தனித்து இயங்கும் நிறுவனங்கள். ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் கல்லூரிகளில் இருப்பவர்கள்.

ஜப்பானின் 1.9 லட்சம் என்பது நான்காண்டுப் பல்கலைக்கழகங்களும் அவற்றின் முதுநிலைப் பள்ளிகளும் மட்டும். குறுகியகாலக் கல்லூரிகள் தனிக் கணக்கு. அங்கே ஆசிரியர்களில் பாதிக்கு மேல் பெண்கள். 15 வயதிலேயே மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் தொழில்நுட்பக் கல்லூரிகள் இன்னொரு தனிக் கணக்கு. அங்கே மிகப் பெரும்பாலோர் ஆண்கள். இரண்டையும் சேர்த்தாலும் ஆண்கள் கணக்கில் சில ஆயிரங்கள்தான் கூடும். ஆனால் தொழிற்பயிற்சிப் பள்ளிகளையும் சேர்த்தால் சதவீதம் நகரத் தொடங்கும்.

அப்புறம், ஜப்பானியக் கணக்கில் துணைவேந்தர் நிலையில் உள்ள பல்கலைக்கழகத் தலைவரும் ஒரு ஆசிரியர்தான். கீழே ஆய்வக உதவியாளர் நிலையில் இருப்பவரும் ஆசிரியர்தான். அந்த அடிநிலைப் பதவியில் பெண்கள் பாதிக்கு மேல். அதைக் கழித்துவிட்டால் ஜப்பானின் ஆண் சதவீதம் இன்னும் சற்று ஏறும்.

அப்படியானால் ஒரே அளவுகோலில் எண்ணிய தரவு எங்கே கிடைக்கும்?

யுனெஸ்கோ புள்ளிவிவர நிறுவனம். கனடாவின் மான்ட்ரியாலில் இருக்கிறது. நாடுகள் அனுப்பும் எண்களைச் சர்வதேசக் கல்வி வகைப்பாட்டின் 5 முதல் 8 வரையிலான நிலைகளுக்குள் அடுக்கித் தருகிறது. ஐந்தாம் நிலை குறுகியகால உயர்கல்வி, எட்டாம் நிலை முனைவர் பட்டம். உலக வங்கியின் இணையதளத்தில் காணும் உயர்கல்வி ஆசிரியர் சதவீதமும் அங்கிருந்து எடுத்ததுதான். இரண்டிலும் ஒரே எண் இருப்பதைப் பார்த்துவிட்டு "இரண்டு ஆதாரங்கள் உறுதி செய்கின்றன" என்று எழுதாதீர்கள். ஆதாரம் ஒன்றுதான், கடை இரண்டு.

பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடி தன் ஆண்டறிக்கையில் ஆசிரியர்களின் பாலினத்தையும் வயதையும் தருகிறது. உயர்கல்வியில் பெண் ஆசிரியர்கள் மிகக் குறைந்த ஓஇசிடி நாடுகளில் ஒன்று ஜப்பான் என்பது அந்த அட்டவணைகளில் பளிச்சென்று தெரியும்.

யுனெஸ்கோ எண்ணும் ஒரு நாட்டின் சொந்த அறிக்கை எண்ணும் பொருந்தவில்லை என்றால் பதறத் தேவையில்லை. வகைப்பாடு மாறும்போது எண்ணும் மாறும். ஒரு நாட்டுக்கு யுனெஸ்கோ, இன்னொரு நாட்டுக்கு உள்நாட்டு அறிக்கை என்று கலக்காமல் இருந்தால் சரி. வெவ்வேறு வரையறை கொண்ட அறிக்கைகளை ஒப்பிட நேர்ந்தால், மேலே நான் செய்தது போல, எது எதில் அடக்கம் என்று பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

அட்டவணையில் "மொத்தம்", "பெண்கள்" என்று மட்டும் இருக்கிறது. ஆண்களுக்கான நெடுவரிசையே இல்லையே?

கழித்துக்கொள்ள வேண்டியதுதான். சர்வதேசத் தரவுகளில் இது வழக்கம். பெண்களின் பங்கு எவ்வளவு என்பதே பெரும்பாலும் கொள்கைக் கேள்வியாக இருந்ததால் அந்த நெடுவரிசை மட்டும் நிலைத்துவிட்டது.

கழிக்கும்போது இரண்டு விஷயம். மொத்தமும் பெண்களும் ஒரே ஆண்டுக்குரியவையா என்று பாருங்கள். சில நாடுகளில் மொத்தம் புதிய ஆண்டுக்கும், பாலினப் பிரிவு பழைய ஆண்டுக்கும் இருக்கும். இன்னொன்று, எல்லா நாடுகளிலும் மீதி எல்லாம் ஆண்கள் அல்ல. பிரிட்டனின் உயர்கல்விப் புள்ளிவிவர அமைப்பு ஆண், பெண் தவிர மூன்றாவதாக ஒரு வகையும் வைத்திருக்கிறது. எண்களை 5-இன் மடங்காக முழுமையாக்கியும் வெளியிடுகிறது. தனிநபர் யாரென்று அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக. சிறிய துறைகளில் கூட்டல் சரியாக வரவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

"100 ஆண்களுக்கு 77 பெண்கள்" என்று இந்திய அறிக்கை சொல்கிறது. 77 சதவீதம் பெண்களா?

இல்லவே இல்லை. ஆனால் இந்தக் குழப்பம் செய்திகளில்கூட எட்டிப்பார்க்கும். 100 ஆண்கள், 77 பெண்கள், மொத்தம் 177 பேர். 100-ஐ 177-ஆல் வகுத்தால் 56.5. அதுதான் ஆண்களின் சதவீதம். 2014-15-இல் இதே எண் 63 ஆக இருந்தது. 100-ஐ 163-ஆல் வகுத்தால் 61.3.

விகிதத்தில் 14 புள்ளி ஏற்றம் பெரிய பாய்ச்சலாகத் தெரிகிறது. சதவீதத்தில் ஆண்கள் பங்கு ஐந்து புள்ளிதான் இறங்கியிருக்கிறது. இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது ஒன்றுக்கு விகிதமும் இன்னொன்றுக்குச் சதவீதமும் பயன்படுத்தினால் கணக்கு நாறிவிடும். எனக்குச் சதவீதம்தான் பிடிக்கும். வாசகருக்கு மனக்கணக்கு மிச்சம்.

ஆண் ஆசிரியர்கள் குறைந்துகொண்டு வருகிறார்களா?

பங்கு குறைகிறது. ஆட்கள் குறைகிறார்களா என்பது வேறு கேள்வி.

முதலில் ஜப்பான். 2010 வாக்கில் முழுநேரப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சுமார் 1.74 லட்சம், பெண்கள் ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் ஆண்கள் 1.4 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. 2021-இல் மொத்தம் 1.9 லட்சமாக வளர்ந்தது. ஆண்கள்? 1.4 லட்சம்தான். பத்தாண்டில் கூடிய இடங்கள், நிகரமாகப் பார்த்தால், கிட்டத்தட்ட முழுவதும் பெண்களுக்குப் போயிருக்கின்றன. ஆண்களின் பங்கு எண்பதிலிருந்து எழுபத்து நான்குக்கு அருகில் இறங்கியது. ஆனால் ஆண்கள் கூட்டம் அப்படியே இருக்கிறது.

இப்போது இந்தியா. 2014-15-இல் பெண்கள் 5.69 லட்சம் என்று அறிக்கை சொல்கிறது. 100-க்கு 63 என்ற விகிதத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஆண்கள் சுமார் 9 லட்சம். 2021-22-இல் 9.04 லட்சம். ஜப்பானைப் போலவே, ஆண்கள் அசையவே இல்லை! அழகான முடிவு. எழுதிவிடலாம் என்று கை பரபரக்கும்.

கொஞ்சம் நில்லுங்கள். இடைப்பட்ட ஆண்டுகளின் மொத்தத்தைப் பாருங்கள். 2015-16-இல் 15.19 லட்சம். 2016-17-இல் 13.66 லட்சம். 2017-18-இல் 12.85 லட்சம். அப்புறம் 2018-19-இல் 14.16 லட்சம், 2019-20-இல் 15.03 லட்சம். இரண்டே ஆண்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போய், அடுத்த இரண்டு ஆண்டில் திரும்பி வந்தார்களா? இல்லை. அந்தக் கட்டத்தில் எண்ணும் முறை மாறியது. நிறுவனம் தன் ஆசிரியர் மொத்தத்தைச் சொல்வது போய், ஒவ்வோர் ஆசிரியரின் விவரத்தையும் தனித்தனியாகப் பதிவது வந்தது. ஒரே பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது அப்போதுதான் அம்பலமானது. 2018 ஜனவரியில் அறிக்கையை வெளியிட்டபோது அன்றைய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர், ஆதார் எண்ணைக் கொண்டு சரிபார்த்ததில் இப்படிச் சுமார் 80,000 பேர் சிக்கியதாகச் சொன்னார்.

ஆகவே 2014-15-ஐயும் 2021-22-ஐயும் நேராகக் கோடு போட்டு இணைக்க முடியாது. புதிய முறை நிலைபெற்ற பிறகான ஆண்டுகளை மட்டும் எடுத்தால் படம் வேறு. 2019-20-இல் ஆண்கள் 57.5 சதவீதம், அதாவது சுமார் 8.64 லட்சம். 2021-22-இல் 9.04 லட்சம். இரண்டு ஆண்டில் சுமார் 40,000 ஆண்கள் கூடியிருக்கிறார்கள். பெண்கள் சுமார் 55,000 கூடியிருக்கிறார்கள். ஆண்களும் வளர்கிறார்கள், பெண்கள் அதைவிட வேகமாக வளர்கிறார்கள். அதனால்தான் ஆண்களின் பங்கு இறங்குகிறது.

ஜப்பானின் தேக்கம் உண்மையானது. இந்தியாவின் தேக்கம் எண்ணும் முறை உண்டாக்கிய மாயை. முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பகுதிநேர ஆசிரியர்களையும் கௌரவ விரிவுரையாளர்களையும் சேர்க்க வேண்டுமா?

சேர்க்கலாம், சேர்க்காமலும் இருக்கலாம். இரு நாட்டுக்கும் ஒரே முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜப்பானில் மேலே சொன்ன 1.9 லட்சம் முழுநேரத்தவர். அதைத் தவிர, அதற்கு இணையான அளவில் பகுதிநேர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு இடங்களை எண்ணுகிறது, ஆட்களை அல்ல. மூன்று பல்கலைக்கழகங்களில் மொழி வகுப்பு எடுக்கும் ஒருவர் மூன்று முறை வருவார். ஓரிடத்தில் முழுநேரப் பேராசிரியராக இருந்துகொண்டு இன்னோரிடத்தில் வாரம் ஒரு வகுப்பு எடுப்பவரும் அதில் உண்டு. முழுநேரத்தையும் பகுதிநேரத்தையும் கூட்டினால் ஆட்களின் எண்ணிக்கை கிடைக்காது, ஊதிப்போன ஒன்றுதான் கிடைக்கும்.

அமெரிக்காவில் பகுதிநேரத்தவரை விட்டுவிட்டால் தொழிலில் கிட்டத்தட்டப் பாதியே காணாமல் போய்விடும். 2020 வாக்கில் சுமார் 15 லட்சம் பேரில் 44 சதவீதம் பகுதிநேரம்.

இன்னொரு வழி, தலைகளை எண்ணாமல் வேலை அளவை எண்ணுவது. அரைநேரம் வேலை செய்பவர் அரை ஆள். இது ஆண் சதவீதத்தை எப்படி மாற்றும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கல்லூரியில் 60 ஆண்கள், எல்லாரும் முழுநேரம். 60 பெண்கள், அதில் 20 பேர் முழுநேரம், 40 பேர் அரைநேரம். தலைக்கணக்கில் ஆண்கள் 50 சதவீதம். வேலை அளவில் ஆண்கள் 60, பெண்கள் 40. ஆண்கள் 60 சதவீதம் ஆகிவிட்டார்கள். ஒரு நாடு முதல் முறையிலும் இன்னொன்று இரண்டாவது முறையிலும் எண்ணியிருந்தால், இல்லாத பத்துப் புள்ளி வித்தியாசத்துக்கு நாம் காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

எந்த ஆண்டை எடுப்பது?

இரு நாட்டுக்கும் ஒரே ஆண்டு, முடியாவிட்டால் ஒன்றிரண்டு ஆண்டு இடைவெளி. ஜப்பான் மே 1 அன்று எண்ணுகிறது, பிரிட்டன் டிசம்பர் 1 அன்று. இந்த மாத வித்தியாசத்தால் சதவீதம் பெரிதாக மாறாது. கவலைப்பட வேண்டியது பத்தாண்டுப் பழைய எண்ணைப் புதிய எண்ணோடு மோதவிடும்போதுதான். நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் பலவற்றில் "கடைசியாகக் கிடைத்த ஆண்டு" என்று ஒரு பொடி எழுத்துக் குறிப்பு இருக்கும். அதைப் படியுங்கள்.

பேராசிரியர் பதவியை மட்டும் ஒப்பிட்டால்?

ஆண்களின் பங்கு உடனே ஏறும், பெரும்பாலான நாடுகளில். இந்தியாவில் பேராசிரியர் நிலையில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பயிற்றுநர் நிலையில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம், செவிலியர் கல்வி அதற்கு ஒரு காரணம். ஜப்பானில் பேராசிரியர் நிலையில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஜெர்மனியில் கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும், பிரிட்டனில் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

பதவிப் பெயர்களை நம்பி ஒப்பிடும்போது மட்டும் பார்த்துச் செய்யுங்கள். இந்தியாவில் பெரும்பான்மை ஆசிரியர்கள் உதவிப் பேராசிரியர் என்ற ஒரே நிலையில் குவிந்திருக்கிறார்கள். ஜப்பானில் பேராசிரியர் நிலையில் இருப்பவர்களே பெரிய கூட்டம். ஒரே பெயர் இரண்டு நாடுகளில் இரண்டு உயரத்தில் இருக்கிறது. ஜப்பானில் 2007 ஏப்ரலில் பதவி அமைப்பையே மாற்றினார்கள், பழைய உதவியாளர் பதவி இரண்டாகப் பிரிந்தது. அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் கீழ்நிலைப் பதவிகளை ஒப்பிட முடியாது.

ஜப்பானில் ஏன் இவ்வளவு ஆண்கள்?

ஒரே காரணம் கிடையாது. நீண்ட வரலாறு உண்டு. 1913-இல் தோஹோகு ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அரசுத் தரப்பிலிருந்தே கேள்வி எழுந்தது. டோக்கியோ பல்கலைக்கழகம் பெண்களுக்குத் திறந்தது போருக்குப் பிறகு, 1946-இல். வேலைவாய்ப்பில் சமவாய்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1986-இல். இன்று ஓய்வுபெறும் தலைமுறை வேலைக்குச் சேர்ந்தது ஏறக்குறைய அந்தச் சமயத்தில்.

வரலாறு மட்டும் என்றால் காலம் போகப் போகச் சரியாகிவிடும். ஆனால் நுழைவாயிலிலேயே பெண்கள் குறைவு. டோக்கியோ பல்கலைக்கழக இளநிலை மாணவர்களில் இன்றும் ஐந்தில் ஒருவர்தான் பெண். 2018-இல் டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் பெண் விண்ணப்பதாரர்களுக்குப் பாதகமாக நுழைவுத் தேர்வு மதிப்பெண்களைத் திருத்தி வந்தது வெளியே வந்தது. தொடர்ந்த விசாரணையில் வேறு சில மருத்துவக் கல்வி நிறுவனங்களும் மாட்டின. மருத்துவ ஆசிரியர்கள் பெரும் எண்ணிக்கையில் இருக்கும் நாட்டில், மருத்துவ மாணவர் சேர்க்கையில் நடப்பது இருபது ஆண்டு கழித்து ஆசிரியர் கணக்கில் விடியும்.

இப்போது பல ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு மட்டுமான ஆசிரியர் பணியிடங்களை அறிவிக்கின்றன. ஜப்பானிய எண்ணில் ஆண்கள் தேங்கியும் பெண்கள் கூடியும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு நாடுகளிலும் பாகுபாடு ஒரே அளவில் இருந்தாலும் ஆண் சதவீதம் வேறாக இருக்க முடியுமா?

தாராளமாக. பாடப்பிரிவுகளின் கலவை போதும். கற்பனையாக, இரு நாடுகளிலும் பொறியியலில் 80 சதவீதம் ஆண்கள், மொழிப் பாடங்களில் 40 சதவீதம் ஆண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாட்டு ஆசிரியர்களில் 70 சதவீதம் பொறியியல், 30 சதவீதம் மொழி. மொத்தத்தில் ஆண்கள் 68 சதவீதம். இரண்டாவது நாட்டில் கலவை தலைகீழ். மொத்தத்தில் ஆண்கள் 52 சதவீதம். எந்தத் துறைக்குள் போய்ப் பார்த்தாலும் இரு நாடும் ஒன்றுதான், மொத்தத்தில் மட்டும் 16 புள்ளி வித்தியாசம். முடிந்தால் துறைவாரியாகப் பாருங்கள். முடியாவிட்டால் "ஆணாதிக்கம்" போன்ற கனமான சொல்லை எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு வயதுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய. மூத்த தலைமுறையில் ஆண்கள் அதிகம். அவர்கள் எப்போது இடத்தைக் காலி செய்கிறார்களோ அப்போதுதான் கலவை மாறும். இந்திய மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஓய்வு வயது 65. அமெரிக்காவில் நிரந்தரப் பேராசிரியர்களுக்கான கட்டாய ஓய்வு 1994 தொடக்கத்தோடு போய்விட்டது. விரும்பினால் எண்பதிலும் பாடம் நடத்தலாம். புதிதாகச் சேர்பவர்களில் ஆணும் பெண்ணும் சரிபாதியாக இருந்தாலும் மொத்தம் சரிபாதியாக ஒரு தலைமுறை பிடிக்கும். போக்கு என்ன என்று தெரிய வேண்டுமானால் மொத்தத்தைவிட 40 வயதுக்குட்பட்ட ஆசிரியர்களை ஒப்பிடுவது பயன்படும்.

நாட்டின் சராசரி எல்லா மாநிலங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. இந்தியாவுக்குள் கேரளம், பஞ்சாப், கோவா போன்ற இடங்களில் பெண் ஆசிரியர்கள் ஆண்களைவிட அதிகம் என்று கணக்கெடுப்பு அறிக்கைகள் காட்டியிருக்கின்றன. பீகாரில் ஆண்கள் மிகப் பெரும்பான்மை. கேரளத்தையும் பீகாரையும் ஒப்பிட்டால் வரும் வித்தியாசம் இந்தியாவையும் ஜப்பானையும் ஒப்பிட்டால் வருவதைவிடப் பெரியது.

ஆண் ஆசிரியர்கள் சிறுபான்மையாக உள்ள நாடுகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ரஷ்யா, லிதுவேனியா, லாட்வியா ஆகியவற்றில் உயர்கல்வி ஆசிரியர்களில் பெண்கள் பாதிக்கு மேல். சீனாவில் 2020 வாக்கில் முழுநேர ஆசிரியர்களில் பெண்கள் பாதியைத் தாண்டினார்கள். மியான்மரில் பெண்கள் மிகப் பெரும்பான்மை. ஆனால் அதை வைத்து மியான்மரைச் சமத்துவத்தின் உச்சம் என்று சொல்லிவிட முடியாது. சம்பளம் குறைவாக உள்ள தொழிலை ஆண்கள் விட்டு விலகினாலும் இதே எண்தான் வரும்.

உலக அளவில் 2018 நிலவரப்படி உயர்கல்வி ஆசிரியர்களில் ஆண்கள் 57 சதவீதம். இந்தியா கிட்டத்தட்ட உலகச் சராசரியில் உட்கார்ந்திருக்கிறது. தொடக்கப் பள்ளியில் உலகளவில் ஆண்கள் மூன்றில் ஒரு பங்குதான்.

சில நாடுகளுக்கு ஆண்டுக்கணக்காக எண்ணே இல்லை. அதை 0 என்று போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. வெற்றுக் கட்டம் என்றால் அந்த நாடு தரவு அனுப்பவில்லை, அல்லது அனுப்பியது ஏற்கப்படவில்லை. பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்து ஒருவரும் இல்லை. விரிதாளில் வெற்றுக் கட்டம் தானாகவே பூஜ்யமாக மாறி, பெண்கள் 0, ஆகவே ஆண்கள் 100 சதவீதம் என்று கழித்துக் காட்டிவிடும். அப்படி ஒரு எண் வந்தால் மூலத் தரவுக்குத் திரும்பிப் போங்கள். ஆப்கானிஸ்தானில் 2022 டிசம்பரில் பெண்கள் பல்கலைக்கழகத்துக்குப் போவதே தடைசெய்யப்பட்டது. அதுபோன்ற இடங்களில் பழைய ஆண்டின் எண்ணை நிகழ்கால நிலவரமாகக் காட்டுவதும் தவறு. கட்டத்தை வெற்றாகவே விட்டு, கடைசியாகத் தரவு வந்த ஆண்டைப் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.